முட்டம் பாறைக் கரையில் இரவு வானம்: படமெடுக்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், நாகர்கோவிலுக்கும் குளச்சலுக்கும் நடுவே இருக்கிறது முட்டம். செம்மண் மேடு, அதன் மேல் கலங்கரை விளக்கம், கீழே கடலுக்குள் இறங்கி நிற்கும் பெரும்பாறைகள். பகலில் சுற்றுலாக் கூட்டம் வரும் இந்தக் கரைக்கு இரவில் கேமராவோடு போக விரும்புகிறவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே பதில்கள். குமரி முனை, கடியபட்டினம், தேங்காப்பட்டணம் என்று பக்கத்துக் கரைகளுக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும்.

மலைக்குப் போனால் இன்னும் நல்ல வானம் கிடைக்குமே, ஏன் கடற்கரை?

வானத்தின் இருட்டை மட்டும் பார்த்தால் மலைதான் மேல். கொல்லிமலையிலோ மேகமலையிலோ தெரிகிற அளவு நட்சத்திரங்கள் முட்டத்தில் தெரியாது. வடகிழக்கில் நாகர்கோவில், வடமேற்கில் குளச்சல், பக்கத்திலேயே மீன்பிடித் துறைமுகம் என மூன்று பக்கமும் வெளிச்சம் உண்டு.

ஆனால் தெற்கே திரும்பி நின்றால் கதை வேறு. எதிரே ஊர் இல்லை, மலை இல்லை, மரம் இல்லை. தண்ணீர்தான். முட்டம் இருப்பது வட அட்சரேகை 8 டிகிரியில். இந்தியாவின் பெரும்பகுதியில் அடிவானப் புழுதிக்குள் மறைந்துபோகிற தென்வான நட்சத்திரங்கள் இங்கே கடலுக்கு மேலே நிமிர்ந்து நிற்கின்றன. அகத்தியர் நட்சத்திரம் 29 டிகிரி உயரம் வரை ஏறுகிறது. திரிசங்கு என்று நாம் சொல்லும் தென்சிலுவை 22 டிகிரி வரை வருகிறது. டெல்லியில் அதே சிலுவை அடிவானத்தை ஒட்டித்தான் தலைகாட்டும்.

அதனால் முட்டத்துக்குப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது: தெற்கைப் பாருங்கள். பால்வெளியை நாட்டில் வேறு எங்கும் எடுக்கலாம். தென்சிலுவையைக் கடலுக்கும் பாறைக்கும் மேலே வைத்து எடுக்க இந்தக் குமரிக் கரையைப் போன்ற இடங்கள் மிகக் குறைவு.

எந்த மாதத்தில் போவது?

ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தென்மேற்குப் பருவமழை தொடங்காத இடைவெளி அது. மே மாதத்திலும் வானம் திறக்கும். ஆனால் கோடை மழை மேகங்களும் கடலின் சீற்றமும் சேர்ந்துகொள்ளும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கேமராவை வீட்டிலேயே வைத்துவிடலாம்.

மாதத்துக்கு மாதம் வானம் மாறும். ஜனவரி நடுவில் இரவு 10 மணி வாக்கில் பெரிய மெகல்லன் மேகம் தெற்கே 12 டிகிரி உயரத்தில் இருக்கும். சுமார் 1,60,000 ஒளியாண்டு தொலைவில் உள்ள வேறொரு விண்மீன் மண்டலம் அது. கண்ணுக்குச் சிரமம், ஆனால் காற்று தெளிந்த இரவில் கேமராவில் வெள்ளைத் திட்டாக விழும். பிப்ரவரி நடுவில் இரவு 9 மணிக்கு அகத்தியர் நேர் தெற்கில், அதற்கு மேலே சிரியஸ். இந்த இரண்டும்தான் இரவு வானில் மிகப் பிரகாசமான நட்சத்திரங்கள் என்பதால் முதல்முறை வருகிறவர்களுக்கு இதுவே எளிய தொடக்கம். ஏப்ரல் நடுவில் இரவு 11:20 வாக்கில் தென்சிலுவை நேர் தெற்கில் செங்குத்தாக நிற்கும். அதற்கு இடப்பக்கம், சற்றுத் தாழ்வாக, ஆல்பா, பீட்டா செண்டாரி இரண்டும் ஜோடியாக வந்துகொண்டிருக்கும்.

பால்வெளியின் மையப்பகுதி மூலத்துக்கும் பூராடத்துக்கும் நடுவே இருக்கிறது. அது பிப்ரவரி நடுவில் அதிகாலை 3 மணிக்குத் தென்கிழக்கில் எழும். மார்ச் நடுவில் 1 மணிக்கு. ஏப்ரல் நடுவில் இரவு 11 மணிக்கு. எழுந்த உடனே எடுக்க முடியாது. அடிவானப் புகைமூட்டத்தைத் தாண்ட ஒன்றரை மணி நேரமாவது கொடுக்க வேண்டும். எனக்குப் பிடித்தது அக்டோபர். மழைக்கு நடுவே ஒரு மாலை வெளுத்துவிட்டால், இரவு 7:15-க்கு முழு இருட்டு விழும்போது பால்வெளி தென்மேற்கில், கடலிலிருந்து ஏறத்தாழ நிமிர்ந்து மேலே போகும். முட்டம் கரையே தென்மேற்கு நோக்கியது என்பதால் பாறையும் பால்வெளியும் ஒரே நேர்கோட்டில் அமையும். ஆனால் அக்டோபர் வானத்தை நம்பி வெளியூரிலிருந்து டிக்கெட் போட வேண்டாம். பக்கத்தில் இருப்பவர்களுக்கான மாதம் அது.

அமாவாசை அன்றுதான் போக வேண்டுமா?

வேண்டியதில்லை. அமாவாசை இரவில் வானம் அழகாக வரும், பாறை வெறும் கறுப்புத் துண்டாக வரும். பிறைநிலா இருந்தால் அதுவே பாறைக்கு விளக்கு. மூன்றாம் பிறை சுமார் 8:30-க்கு மறையும். அடுத்தடுத்த நாட்களில் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளித் தள்ளி மறையும். நிலா மேற்கே இறங்கிக்கொண்டிருக்கும்போது பாறையை எடுத்துவிட்டு, அது மறைந்த பிறகு வானத்தை எடுக்கலாம். அதிகாலையில் போகிறவர்களுக்குத் தேய்பிறை இதே உதவியைக் கிழக்கிலிருந்து செய்யும். காலண்டரில் வளர்பிறை திருதியை முதல் சஷ்டி வரை, தேய்பிறை ஏகாதசி முதல் அமாவாசை வரை என்று பார்த்துக்கொண்டால் போதும். சப்தமியைத் தாண்டினால் நிலா நள்ளிரவு வரை நின்றுவிடும்.

பாறைமேல் இரவில் நிற்பது பாதுகாப்பானதா?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். நீளமாகச் சொல்கிறேன்.

இந்தக் கரையில் ஏற்றவற்றம் அதிகமில்லை. ஒரு மீட்டருக்கும் குறைவுதான். அதைப் பார்த்து, கடல் எங்கே நிற்கிறதோ அங்கேயே நிற்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துவிடுகிறார்கள். இங்கே ஆளைக் கொல்வது ஓதமில்லை, தொலைவிலிருந்து வரும் பேரலை. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடிக்கும் புயலில் எழும் அலைகள் பல நாள் பயணம் செய்து, இங்கே காற்றே இல்லாத, வானம் தெளிந்த நாளில் கரையேறும். கள்ளக்கடல் என்பது இதுதான். மார்ச் முதல் மே வரை அதிகம் வரும். அதாவது, நமக்கு வானம் நன்றாக இருக்கும் அதே மாதங்கள்.

2024 மே 6 அன்று முட்டத்திலிருந்து அதிக தூரமில்லாத கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டது. அது பட்டப்பகல். கள்ளக்கடல் எச்சரிக்கையும் அன்று இருந்தது. இரவில், கண்ணை வியூஃபைண்டரில் வைத்திருக்கும் ஆளுக்கு அலை வருவதே தெரியாது.

ஆகவே கிளம்புவதற்கு முன் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (இந்தியக் கடல் தகவல் சேவை) மையத்தின் கடல்நிலை அறிவிப்பைப் பாருங்கள். பேரலை எச்சரிக்கையோ கள்ளக்கடல் எச்சரிக்கையோ இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அலையின் உயரத்தோடு அதன் கால இடைவெளியையும் கவனியுங்கள். 15 விநாடிக்கு மேல் இடைவெளி உள்ள அலை, உயரம் குறைவாகப் போட்டிருந்தாலும், பாறையில் மோதும்போது நினைத்ததைவிட மேலே ஏறும்.

இடத்தை வெளிச்சம் இருக்கும்போதே தேர்வு செய்யுங்கள். பாறையைப் பார்த்தாலே கடல் எதுவரை வருகிறது என்று தெரியும். அடியில் பச்சைப்பாசியும் கொட்டலசும் ஒட்டியிருக்கும். அது தினமும் நனையும் இடம். அதற்கு மேல் கறுத்த, வழுக்கலான பட்டை. அலை அடிக்கடி தொடுவது. அதற்கும் மேலே பாறைக் குழிகளில் உப்பு காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தால், அங்கும் தண்ணீர் வந்து போயிருக்கிறது. உப்பு இல்லாத, மண்ணும் புல்லும் ஒட்டியிருக்கும் மட்டத்தில்தான் முக்காலியை வைக்க வேண்டும். வைப்பதற்கு முன் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து அலையைப் பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாகத்தான் வரும். பத்து நிமிடம் அமைதியாக இருந்துவிட்டு மூன்று நான்கு சேர்ந்து அடிக்கும்.

தனியாகப் போகாதீர்கள். ஒருவர் படமெடுக்கும்போது மற்றவர் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கடலுக்கு முதுகைக் காட்டாதீர்கள். முக்காலி விழுந்தால் விழட்டும், அதைப் பிடிக்கப் பாயாதீர்கள். தாழ்வான பாறையில் நின்றால்தான் நல்ல கோணம் கிடைக்கும் என்று சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். மேட்டிலிருந்து கீழ்நோக்கிப் பாறைகளைச் சேர்த்து எடுத்தால் நுரையின் வடிவமும் கிடைக்கும், அடிவானமும் கிடைக்கும்.

என்ன கேமரா, என்ன லென்ஸ்?

கையால் எல்லாவற்றையும் அமைக்க முடிகிற, ரா கோப்பு (சுருக்காத மூலப்படம்) தருகிற எந்தக் கேமராவும் போதும். பால்வெளிக்கு 14 முதல் 24 மில்லிமீட்டர், எஃப்/2.8 அல்லது அதைவிட அகன்ற துளை. தென்சிலுவைக்கு அவ்வளவு அகலமான லென்ஸ் வேண்டாம். 14-இல் எடுத்தால் சிலுவை சின்னப் புள்ளிக்கூட்டமாகச் சுருங்கிவிடும். முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 35 மில்லிமீட்டரைச் செங்குத்தாகப் பிடித்தால் பாறையும் கடலும் சிலுவையும் கச்சிதமாக அடங்கும். பழைய 50 மில்லிமீட்டர் எஃப்/1.8 லென்ஸ் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். சிலுவைக்குக் கிழக்கே 34 டிகிரி உயரத்தில் ஒமேகா செண்டாரி என்னும் நட்சத்திரக் கொத்து அதில் பஞ்சு உருண்டையாகத் தெரியும்.

முக்காலி கனமாக இருக்கட்டும். காற்று அடிக்கும்போது நடுத்தண்டை ஏற்றாதீர்கள்.

ஷட்டரை எவ்வளவு நேரம் திறப்பது?

தொடக்கத்துக்கு: எஃப்/2.8, ஐஎஸ்ஓ 3200, 15 விநாடி. எடுத்துப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

500-ஐக் குவிய தூரத்தால் வகுத்தால் கிடைக்கும் விநாடிவரை நட்சத்திரம் இழுபடாது என்று ஒரு கணக்கு உண்டு. 20 மில்லிமீட்டருக்கு 25 விநாடி வரும். ஃபிலிம் காலத்துக்கு அது சரி. இன்றைய சென்சாரில் பெரிதாக்கிப் பார்த்தால் நட்சத்திரம் கோடாகத் தெரியும். 300-ஐ வகுத்தால் பாதுகாப்பு. கிராப் சென்சார் (முழுச்சட்டத்தைவிடச் சிறியது) என்றால் வந்த விடையை மேலும் 1.5-ஆல் வகுக்க வேண்டும்.

தெற்கே பார்க்கிறவர்களுக்கு இதில் ஒரு சலுகை இருக்கிறது, பலர் இதைப் பயன்படுத்துவதில்லை. வானத்தின் நடுக்கோட்டில் உள்ள நட்சத்திரங்கள்தான் வேகமாக நகரும். துருவத்தை நெருங்க நெருங்க வேகம் குறையும். தென்சிலுவை நடுக்கோட்டிலிருந்து 60 டிகிரி தெற்கே இருப்பதால் அது நகரும் வேகம் சரிபாதிதான். ஆக, மேலே உள்ள கணக்கில் 10 விநாடி வந்தால் சிலுவைக்கு 20 விநாடி தாராளமாகத் தரலாம். பால்வெளி மையத்துக்கு இந்தச் சலுகை மிகச் சிறிது. பத்தில் ஒரு பங்கு கூடக் கிடைக்கும், அவ்வளவுதான்.

ஃபோகஸ் எங்கே வைப்பது?

ஆட்டோவை அணைத்துவிடுங்கள். லென்ஸில் இருக்கும் முடிவிலிக் குறியை நம்பாதீர்கள். திரையில் அகத்தியரையோ சிரியஸையோ பத்து மடங்கு பெரிதாக்கி, புள்ளி மிகச் சிறியதாகும் வரை வளையத்தைத் திருப்பி, ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை சரிபாருங்கள்.

அலையெல்லாம் புகைபோல வந்துவிடுகிறதே?

15 விநாடியில் ஒன்றிரண்டு அலை வந்து போய்விடும், வேறெப்படி வரும்? அந்தப் புகை சில படங்களுக்கு அழகுதான். முட்டத்துப் பாறைகளின் இடுக்குகளில் நுரை வழிந்து இறங்கும்போது அது வெள்ளைப் பட்டையாகப் பதிவாகி, பாறையின் விளிம்பை எடுத்துக்காட்டும்.

அலையின் வடிவமே வேண்டுமென்றால், சூரியன் மறைந்து 30 முதல் 40 நிமிடத்துக்குள், வானம் கருநீலமாக இருக்கும்போது, முக்காலியை அசைக்காமல் ஒரு விநாடிக்குள் கடலை எடுத்துவிட வேண்டும். முழு இருட்டு இங்கே மறைவுக்குப் பின் சுமார் 70 நிமிடத்தில் வந்துவிடும். பிறகு அதே இடத்திலிருந்து வானத்தை எடுத்து இரண்டையும் சேர்க்கலாம்.

கலங்கரை விளக்கமும் படகு விளக்குகளும் படத்தைக் கெடுக்காதா?

கலங்கரை விளக்கம் முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்றால் சுழலும் ஒளி லென்ஸில் விழாது. விளக்கையே படத்தில் வைக்க விரும்பினால் ஷட்டர் நேரத்தைக் குறைத்துப் பல படங்களாக எடுத்து, ஒளிக்கற்றை நன்றாக விழுந்த ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

படகு விளக்குகளை நீக்க முயல வேண்டாம் என்பது என் கருத்து. அது உழைக்கிறவர்களின் கடல். அடிவானத்தில் வரிசையாகத் தெரியும் விளக்குகள் இந்தக் கரையின் இரவுக்கே உரியவை. குறைவாக இருந்தால் நல்லது என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடை கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, இங்கே மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆகவே ஏப்ரல் கடைசியில் குமரி முனையிலிருந்து கிழக்கே பார்த்தால் பெரிய விளக்குகள் குறைவாக இருக்கும். நாட்டுப்படகுகள் அப்போதும் போகும்.

பச்சை லேசரை வானத்தில் காட்டி நட்சத்திரம் சொல்லிக்கொடுப்பதை இங்கே தவிர்த்துவிடுங்கள். கரை தேடி வரும் படகுக்காரருக்கு அது தொந்தரவு.

பாறைக்கு டார்ச் அடிக்கலாமா?

அடிக்கலாம், குறைவாக. நேராக அடித்தால் பாறை தட்டையாகிவிடும். பக்கவாட்டில், துணியோ வெள்ளைத் தாளோ சுற்றி மங்கலாக்கிய விளக்கை வைத்தால் பாறையின் வரிகள் எழும்பும். முட்டத்துப் பாறையில் கனிமப் பட்டைகள் மாறிமாறி ஓடும். ஒரு பக்கத்திலிருந்து வரும் மெல்லிய ஒளியில் ஒவ்வொரு வரியும் தனித்தனியாகத் தெரியும். மணல் கரைப்பக்கம் விளக்கு வேண்டவே வேண்டாம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும் காலம்.

நட்சத்திரச் சுவடு (நட்சத்திரங்கள் நகரும் தடம் கோடாக விழும் படம்) எடுக்க எந்தப் பக்கம் திரும்புவது?

வடக்கே துருவ நட்சத்திரம் 8 டிகிரி உயரத்தில்தான், அதுவும் ஊர் வெளிச்சத்துக்குள். தெற்கே திரும்புங்கள். தென்துருவப் புள்ளி கடலுக்கு அடியில் 8 டிகிரி தாழ்ந்திருப்பதால் சுவடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வளைவுகளாக, கடலின் மேல் எழுந்து கடலிலேயே இறங்கும். மேற்கே எடுத்தால் முற்றிலும் வேறு படம்: நட்சத்திரங்கள் அடிவானத்தில் ஏறத்தாழ நேர்குத்தாக இறங்கும். 30 விநாடிப் படங்களாக இடைவெளியில்லாமல் இரண்டு மணி நேரம் எடுத்து, பிறகு அடுக்கிக்கொள்ளுங்கள்.

அடிவானத்துக்குப் பக்கத்தில் நட்சத்திரமே இல்லையே?

கேமரா மேல் தவறில்லை. 10 டிகிரி உயரத்தில் உள்ள நட்சத்திரத்தின் ஒளி, தலைக்கு நேர்மேலே உள்ளதைவிட ஐந்து மடங்குக்கும் அதிகமான காற்றைக் கடந்து வருகிறது. கடலோரக் காற்றில் உப்புத் துகளும் ஈரமும் சேர்ந்திருக்கும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் இந்த மங்கல் வெகுவாகக் குறையும்.

லென்ஸில் உப்பு படிகிறது, என்ன செய்வது?

உலர்ந்த துணியால் துடைக்கவே கூடாது. உப்புப் படிகம் கண்ணாடியில் கீறிவிடும். முதலில் ஊதுபந்தால் ஊதி, வடிகட்டிய நீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்து, பிறகுதான் காய்ந்த மைக்ரோஃபைபர் துணி. சாரல் அடிக்கும் இரவில் ஃபில்டர் ஒன்றை மாட்டிக்கொள்வதில் தப்பில்லை. பனித்துளி படிவதற்கு, பவர் பேங்கில் ஓடும் சூடேற்றும் பட்டையை லென்ஸைச் சுற்றிக் கட்டலாம். லென்ஸ் மாற்றும் வேலையை வண்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

போனில் எடுக்க முடியுமா?

முடியும். கூகுள் பிக்சல் போன்றவற்றில் உள்ள நட்சத்திரப் பட வசதி சில நிமிடங்கள் தொடர்ந்து எடுத்துத் தானே சேர்த்துவிடும். முக்காலி அவசியம். தென்சிலுவையும் செண்டாரி ஜோடியும் தெளிவாகவே விழும்.

படத்தில் இரைச்சல் (புள்ளிப்புள்ளியாகத் தெரியும் நாய்ஸ்) அதிகமாக இருக்கிறது. பல படங்களை ஒன்றாக அடுக்குவது எப்படி?

ஒரே அமைப்பில் 16 படம் எடுத்து அடுக்கினால் இரைச்சல் நாலில் ஒரு பங்காகக் குறையும். விண்டோஸில் சீக்வேட்டர் இலவசம். வானத்தையும் தரையையும் பிரித்து அடுக்கும். கடலும் பாறையும் சந்திக்கும் விளிம்பில்தான் சிக்கல் வரும், அங்கே கையால் மாஸ்க் போடுங்கள்.

வேறு ஊரில் எடுத்த பால்வெளியை முட்டத்துப் பாறைமேல் ஒட்டலாமா என்றும் கேட்கிறார்கள். கூடாது என்பேன். அதே இரவு, அதே இடம், அதே திசை என்றால் எத்தனை படத்தையும் சேர்க்கலாம், ஆனால் சேர்த்ததைப் படத்தோடு எழுதிவிட வேண்டும். வடக்குப் பார்த்த பாறைக்கு மேலே பால்வெளி மையத்தை வைத்த படங்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. இந்தக் கரையின் வானம் உண்மையிலேயே அவ்வளவு அபூர்வமானது. அதற்குப் பொய் தேவையில்லை.

அலையில் நீல ஒளி தெரியுமாமே?

சில இரவுகளில் தெரியும். நாக்டிலூகா போன்ற நுண்ணுயிர்கள் பெருகியிருக்கும்போது அலை உடையும் இடத்தில் நீலமாக மின்னும். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் இதைப் பார்க்கப் பெருங்கூட்டம் கூடியது. தேதி சொல்லித் திட்டமிட முடியாது. கண்ணில் பட்டால் ஐஎஸ்ஓ 6400, 5 விநாடிக்குள் எடுங்கள். அதற்காகத் தாழ்ந்த பாறைக்கு இறங்க வேண்டாம்.

யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா?

கலங்கரை விளக்க வளாகத்துக்குள் இரவில் போக முடியாது. வெளியே மேட்டில் நிற்பதற்கும் உள்ளூர் காவல் நிலையத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. கரையோர ரோந்து வரும்போது விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்காது. அதைவிட முக்கியம், சாயங்காலமே கரையில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் அண்ணன்மாரிடம் நாலு வார்த்தை பேசுவது. "இன்னைக்குக் கடல் எப்படிண்ணே இருக்கு, அந்தப் பாறைக்குப் போகலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், ஆப்பில் என்ன போட்டிருந்தாலும் அன்றைக்கு மேட்டைவிட்டு இறங்காதீர்கள்.